டம்ளர் கல்யாணம்

இலுப்பூரில் எங்களுக்கு ஒரு வாடகைப் பாத்திரக் கடை இருக்கிறது. கல்யாணம், காதுகுத்து, சடங்கு, கருமாதி என்று சுற்றுவட்டாரத்தில் எது நடந்தாலும் அண்டா, குண்டா, கரண்டி, நாற்காலி, சாமியானா என்று ஏதாவது ஒன்று எங்களிடமிருந்து போகும். நானும் என் வீட்டுக்காரரும் சேர்ந்து நடத்துகிறோம். குட்டியானை லோடு வண்டியை ஓட்டுவதும் ஏற்றி இறக்குவதும் அவர் வேலை. கடையில் உட்கார்ந்து ஆட்களிடம் பேசுவதும், போன பாத்திரம் திரும்பி வந்ததா என்று எண்ணிப் பார்ப்பதும் என் வேலை.

சில வருசங்களாகப் பாத்திரத்தோடு கூட இன்னொன்றும் கொடுத்துக்கொண்டிருந்தோம். அதற்கு எங்கள் கடையில் 'செட்டு' என்று பெயர். குட்டித் தண்ணீர் பாட்டில், காபிக்கும் பாயசத்துக்கும் கப்பு, மேசையில் விரிக்கிற வழவழப்பான பேப்பர் சுருள், வாழை இலை மாதிரியே அச்சடித்த பிளாஸ்டிக் இலை. கப்புக்கும் இலைக்கும் அரசாங்கம் தடை போட்ட பிறகு, கடையின் முன்பக்கம் இருந்த அடுக்குகள் பின்பக்கம் போயின. அவ்வளவுதான் மாற்றம். உண்மையைச் சொல்லிவிடுகிறேன், எனக்கு அந்தச் செட்டு பிடித்திருந்தது. போனால் திரும்பி வராது. கழுவ வேண்டாம், எண்ண வேண்டாம், நசுங்கிவிட்டது என்று யாரோடும் சண்டை போட வேண்டாம். எங்களுடைய எவர்சில்வர் டம்ளர்களைச் சாக்கில் கட்டிப் பரணில் ஏற்றிவிட்டோம்.

கல்யாணத்துக்கு மறுநாள் அண்டாக்களை எடுக்கப் போகும்போது மண்டபத்துப் பின்பக்கம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். பாதி குடித்த பாட்டில்கள் குவிந்து கிடக்கும். கப்பை நக்கிக்கொண்டு ஆடுகள் நிற்கும். நான் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு அதைத் தாண்டிப் போய் என் அண்டாவை எண்ணுவேன்.

ஒரு சித்திரை மாத மத்தியானம், ஒரு பெண் ஸ்கூட்டியில் வந்து கடை முன்னால் நிறுத்தினாள். பின்னால் அவளுடைய அப்பா உட்கார்ந்திருந்தார். அவளுக்கு இருபத்தாறு, இருபத்தேழு வயது இருக்கும். திருச்சியில் ஓர் ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை பார்ப்பதாகச் சொன்னாள். ஆவூர்ப் பக்கத்துக் கிராமம். வைகாசியில் கல்யாணம், ஊர்க் கோயிலில் பூசை, தாலிகட்டு, கோயிலுக்குப் பக்கத்திலேயே கொட்டகை போட்டுச் சாப்பாடு.

"அக்கா, டம்ளர் இருக்குங்களா?"

"இருக்கு. சமையக்காரங்களுக்கு ஒரு இருபது போதும்ல?"

"எழுநூறு பேருக்கு வேணுங்க்கா."

நான் சிரித்துவிட்டேன். அவள் சிரிக்கவில்லை.

"என் கல்யாணத்துல ஒரு பாட்டிலு, ஒரு கப்பு, ஒரு கவரு இருக்கக் கூடாதுக்கா. எலை வாழ எலை. தண்ணி, பாயாசம், காப்பி எல்லாம் டம்ளர்ல. ரெண்டு கடையில கேட்டுட்டேன். முடியாதுன்னுட்டாங்க. ஒங்களால முடியுமா?"

"எதுக்கு பாப்பா இந்த வம்பு? கல்யாணத்தன்னைக்கு ஒனக்கு வேற வேலை இல்லையா?"

அவளுடைய அப்பா முன்னால் வந்தார். மெலிந்த ஆள், தோளில் துண்டு.

"எங்க ஊரு கம்மாக்கரைக்கு எதுத்தாப்புல ஒரு மண்டபம் கட்டியிருக்காக ஆத்தா. போன கார்த்திகையில நல்ல மழை, கம்மாயும் பெருகிருச்சு. மடையத் தொறந்தா தண்ணி வரல. நானும் இன்னும் நாலு பேரும் முங்கி உள்ள கையவிட்டோம். கையில வந்தது பூராம் கப்பு. கப்பும் பாட்டிலும். சாக்குல அள்ளிக் கரையில போட்டோம். போடப் போட வந்துக்கிட்டே இருக்கு. நம்ம வயலு கடைசி வயலு. அதுக்குத் தண்ணி வந்து சேர்றதுக்குள்ள பயிரு மஞ்சளாப் போச்சு."

அவர் குறை சொல்கிற மாதிரிச் சொல்லவில்லை. நடந்ததைச் சொன்னார், அவ்வளவுதான். ஆனால் அந்த மண்டபத்துக்கு முக்கால்வாசி செட்டுப் போவது எங்கள் கடையிலிருந்துதான். அவர் கண்மாய் மடைக்குள் கைவிட்டு எடுத்ததெல்லாம் என் பின்பக்க அடுக்கிலிருந்து போனதாக இருக்கலாம்.

"முடியும்," என்றேன்.

அதைச் சொன்ன வேகம் எனக்கே திக்கென்றிருந்தது. அந்தப் பெண் என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள். அவர்கள் போன பிறகு வீட்டுக்காரர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"ஒனக்குக் கிறுக்குப் பிடிச்சிருக்கா? எழுநூறு பேரு குடிச்ச டம்ளர யாரு கழுவுறது?"

"மொதல்ல பரண்ல எத்தனை இருக்குன்னு பாருங்க."

முணுமுணுத்துக்கொண்டே ஏணியைப் போட்டு ஏறினார். மூட்டைகளை அவிழ்த்துத் தரையில் கொட்டியபோது எழுந்த சத்தத்தில் எதிர்க்கடைக்காரர் எட்டிப் பார்த்தார். இருநூற்று நாற்பது டம்ளர். தூசி படிந்து, சிலது விளிம்பு நெளிந்து கிடந்தன. ஒரு பந்திக்கு இருநூறு பேர் உட்காருவார்கள். ஒரு பந்தி நடக்கும்போது அடுத்த பந்திக்கானது கழுவிக் காய்ந்திருக்க வேண்டும். பாயசத்துக்குத் தனியாக வேண்டும். விரல்விட்டு எண்ணிப் பார்த்ததில் குறைந்தது அறுநூறாவது வேண்டும் என்று தெரிந்தது.

பொன்னமராவதியில் எங்களை மாதிரியே கடை வைத்திருக்கிற ஒருவர் உண்டு. தொழிலில் போட்டிக்காரர்தான், ஆனாலும் அவசரத்துக்கு அண்டா கொடுத்து வாங்கிக்கொள்வோம். அவரிடம் டம்ளர் நிறைய இருக்கும் என்ற நினைப்பில் மறுநாள் காலை வீட்டுக்காரரும் நானும் வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பினோம். என்ன தோன்றியதோ, வளைந்துபோன சாமியானாக் குழாய்களையும் கால் உடைந்த இரும்பு ஸ்டூல்களையும் அவர் பின்னால் ஏற்றி வைத்திருந்தார். புதுக்கோட்டை போய்ப் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டு வரலாம் என்று நாலு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

பொன்னமராவதிக் கடைக்காரர் நாங்கள் கேட்டதும் தலையில் கைவைத்தார்.

"என்னம்மா, ஒரு மணி நேரம் முன்னாடி வந்திருக்கக் கூடாதா? இப்பத்தானே நானூறு டம்ளரப் பழைய இரும்புக்காரருக்கு அள்ளிக் குடுத்தேன். எடத்த அடைச்சுக்கிட்டுக் கெடந்துச்சு."

"எந்தப் பக்கம் போனாரு?"

"புதுக்கோட்டை ரோட்டுலதான் போவாரு. பச்சைக் கலர் லோடு ஆட்டோ. போற வழியில நின்னு நின்னு வாங்கிக்கிட்டுப் போற ஆளு."

அதற்கு மேல் அவர் சொன்னதை நான் கேட்கவில்லை. ஓடிப்போய் வண்டியில் ஏறிவிட்டேன். வீட்டுக்காரருக்கும் என்ன ஆனதோ, எப்போதும் மாட்டு வண்டி மாதிரி ஓட்டுகிற மனிதர், அன்றைக்கு அப்படி விரட்டினார். எதிரே பஸ் வந்தால் ஹாரன் அடிப்பார், வளைவில் அடிப்பார், அதிலிருந்து கையை எடுக்கவே இல்லை. நான் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டிக்கொண்டு ஒவ்வொரு ஊர் முனையிலும் கத்திக் கேட்டேன்.

"ஏங்க, பச்சை லோடு ஆட்டோ போச்சா?"

"அங்கிட்டுப் போச்சும்மா!"

எங்கே நிற்கிறதோ, எந்தச் சந்தில் திரும்பியதோ என்று பதைத்துக்கொண்டே போனோம். ஒரு டீக்கடை முன்னால் அது நின்றுகொண்டிருந்தது. மேலே கட்டில் சட்டம், சைக்கிள் மட்கார்டு, அதற்குக் கீழே சாக்குகள். இரும்புக்காரர் ஒரு கையில் வடையும் ஒரு கையில் டீயுமாக நின்றார். நான் இறங்கி ஓடிய ஓட்டத்தைப் பார்த்துப் பயந்து, "நான் எதையும் திருடலம்மா, எல்லாம் குடுத்து வாங்குனதுதான்!" என்றார்.

விசயத்தைச் சொன்னேன். மூச்சு வாங்கியதில் பாதி விழுங்கிவிட்டேன். அவருக்கு ஒன்றும் புரியவில்லை. கடைசியில் வீட்டுக்காரர் அவரை எங்கள் வண்டிக்குப் பின்னால் கூட்டிப்போய்க் குழாய்களையும் ஸ்டூல்களையும் காட்டினார்.

"இது பூராவையும் எடுத்துக்கிட்டு அந்த டம்ளர் சாக்கைக் குடுத்துருங்கண்ணே."

இரும்புக்காரர் ஒரு குழாயைத் தூக்கி எடை பார்த்தார். முகம் மலர்ந்துவிட்டது. டீக்கடையில் நின்ற நாலு பேரும் சேர்ந்து சாக்குகளை மாற்றி ஏற்றிவிட்டார்கள். திரும்பி வரும்போது பின்னால் நானூறு டம்ளரும் ஒவ்வொரு குழியிலும் கலகலவென்று சத்தம் போட்டன. நாங்கள் இரண்டு பேரும் பேசிக்கொள்ளவில்லை. ஒருவரை ஒருவர் பார்ப்பதும் சிரிப்பதுமாக வந்து சேர்ந்தோம். கல்யாணமாகி இத்தனை வருசத்தில் அவரை அவ்வளவு உற்சாகமாக நான் பார்த்ததில்லை.

டம்ளர் கிடைத்துவிட்டது. அடுத்தது கழுவ ஆள் வேண்டும். அந்தப் பெண்ணுடைய ஊருக்கே போய்க் கேட்டோம். அங்கே நூறு நாள் வேலைக்குப் போகிற பெண்கள் ஒரு வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களுக்குத் தலைவி மாதிரி ஓர் அக்கா. அவர் பேசினால் தெருக்கோடிவரை கேட்கும்.

"கப்பா இருந்தா இந்த வேலையே கெடையாதுல்ல?" என்றார்.

"கெடையாதுக்கா."

"அப்பறம் எதுக்கு இந்தப் பாடு?"

நான் பதில் தேடுவதற்குள் பெண்ணுடைய அப்பா வந்துவிட்டார். அவர் முன்னால் அதற்கு மேல் என்னால் மறைக்க முடியவில்லை. "ஐயா, நீங்க மடையில இருந்து அள்ளுன கப்பு எங்க கடைக் கப்பாத்தான் இருக்கும். அந்த மண்டபத்துக்கு நான்தான் குடுத்துக்கிட்டிருந்தேன்," என்று எல்லாருக்கும் நடுவில் சொல்லிவிட்டேன்.

"அங்க நடந்த கல்யாணத்துலயெல்லாம் நானும்தான் ஆத்தா குடிச்சேன். குடிச்சிட்டுக் கசக்கி எறிஞ்சேன்," என்றார் அவர்.

அந்த அக்கா எழுந்து சேலையை உதறினார். "சரி, நாங்க எட்டுப் பேரு வாரோம். ஆனா ஒண்ணு. வேலை செய்யிறவளுகளுக்குக் கடைசியா மிஞ்சுனதத் தட்டுல போட்டுக் கையில குடுப்பாகல்ல, அந்தக் கதை ஆகாது. எங்களுக்கும் பந்தி போடணும். பொண்ணு வந்து பரிமாறணும்."

"பரிமாறுவா," என்றார் அப்பா.

கல்யாணத்தன்று விடிந்ததுமே நாங்கள் போய் இறங்கிவிட்டோம். கொட்டகைக்குப் பின்னால் மூன்று பெரிய அண்டாக்களை வரிசையாக வைத்தோம். முதல் அண்டாவில் எச்சில் டம்ளரை அலச, இரண்டாவதில் சோப்புத் தண்ணீர், மூன்றாவதில் கொதிக்கிற வெந்நீர். காயவைக்க என்ன செய்வது என்று யோசித்துக்கொண்டிருந்தபோது, அந்த அக்கா ஆள் அனுப்பி ஊரிலிருந்த கயிற்றுக் கட்டில்களைத் தூக்கிவரச் செய்தார். பதினோரு கட்டில்கள். வெயிலில் வரிசையாகப் போட்டு அதன்மேல் டம்ளர்களைக் கவிழ்த்தோம். தண்ணீர் கயிற்றுச் சந்து வழியாகச் சொட்டி ஓடியது. வைகாசி வெயில் ஐந்தே நிமிசத்தில் காயவைத்துக் கொடுத்தது. அறுநூற்று நாற்பது டம்ளரும் ஒரே நேரத்தில் பளபளத்ததைப் பார்த்து, பூசைக்கு வந்த சனம் கோயிலுக்குள் போகாமல் அங்கேயே நின்று வேடிக்கை பார்த்தது. குடிக்கிற தண்ணீரைக் குடிநீர் வண்டியில் வரவழைத்துத் தனி அண்டாக்களில் ஊற்றித் துணியால் வாயைக் கட்டியிருந்தோம்.

உள்ளே பூசை நடந்துகொண்டிருக்கும்போது ஒரு வேன் வந்து நின்றது. ஓட்டுநர் பின்கதவைத் திறந்து அட்டைப்பெட்டிகளை இறக்க ஆரம்பித்தார். எல்லாம் தண்ணீர் பாட்டில்.

"யாரு அனுப்புனது?"

"மாப்பிள்ளையோட தாய்மாமன். அன்பளிப்பு."

"இறக்காதீங்க."

"எனக்கு இறக்கச் சொல்லித்தாங்க உத்தரவு."

நான் போய் வேனின் பின்கதவை மறித்துக்கொண்டு நின்றேன். எங்கிருந்து அந்தத் தைரியம் வந்ததோ தெரியாது. பூசை முடிந்து தாய்மாமன் வெளியே வந்தார். கனத்த உடம்பு, புதுப் பட்டுச் சட்டை, கையில் காப்பு. மாப்பிள்ளை வீட்டில் அவர் சொன்னால் மறுபேச்சுக் கிடையாது என்று பார்த்ததுமே தெரிந்தது.

"ஏம்மா, நீங்க யாரு? பாத்திரக்காரவங்களா? எங்க சொந்தக்காரவங்க வெளியூருல இருந்து, வெளிநாட்டுல இருந்து வந்திருக்காக. ஊரே எச்சி பண்ணுன டம்ளர்லயா குடிப்பாக?"

கூட்டம் சேர்ந்துவிட்டது. மாலையும் கழுத்துமாகப் பெண்ணும் மாப்பிள்ளையும் கோயில் வாசலில் நின்றார்கள். பெண்ணின் கண் என்மேல்தான் இருந்தது. மாப்பிள்ளை, "மாமா, இது நாங்க ரெண்டு பேரும் சேந்து முடிவு பண்ணுனது," என்றான். மாமன் கையை உயர்த்தி அவனை நிறுத்திவிட்டார்.

அப்போது பெண்ணுடைய அப்பா கட்டிலிலிருந்து ஒரு டம்ளரை எடுத்தார். குடிதண்ணீர் அண்டாவில் மொண்டு, அண்ணாந்து, உதட்டில் படாமல் ஒரே மூச்சில் குடித்து முடித்தார். டம்ளரைக் கழுவி மறுபடி நிறைத்து மாமன் முன்னால் நீட்டினார்.

"சம்மந்தி, அண்ணாந்து குடிச்சா எச்சி எங்கிட்டு வருது? நீங்களும் குடிங்க."

இத்தனை பேர் பார்க்கும்போது வேண்டாம் என்று சொல்ல முடியுமா? மாமன் வாங்கினார். தலையைப் பின்னால் சாய்த்து டம்ளரை உயர்த்தினார். பல வருசமாகப் பாட்டிலில் வாயை வைத்தே பழகிவிட்டார் போல. தண்ணீர் மூக்கில் விழுந்தது, தாடையில் விழுந்தது, மிச்சம் மொத்தமும் பட்டுச் சட்டைக்குள் இறங்கியது. அவருக்குப் புரையேறி இருமல் வந்தது.

இருமல் அடங்கியதும் கழுவுகிற அக்கா, "வெயிலுக்கு நல்லாருக்காண்ணே?" என்று கேட்டார். கூட்டம் வெடித்துச் சிரித்தது. கோபப்பட்டு உறவுக்காரர்களைக் கிளப்பிக்கொண்டு போய்விடுவாரோ என்று நான் பயந்தேன். அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டு சட்டையைக் குனிந்து பார்த்தார். அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

"அந்தப் பெட்டியத் திருப்பிக் கொண்டு போப்பா," என்று ஓட்டுநரிடம் சொன்னார்.

முதல் பந்தி உட்கார்ந்தது. வாழை இலை, இலைக்குப் பக்கத்தில் டம்ளர். பரிமாறுகிறவர்கள் கூஜாவில் தண்ணீர் எடுத்து ஊற்றிக்கொண்டே போனார்கள். பாட்டில் என்றால் திறந்து ஒரு வாய் குடித்துவிட்டு வைத்துவிடுவார்கள். இங்கே ஒவ்வொருவரும் இரண்டு தடவை, மூன்று தடவை கேட்டு வாங்கிக் குடித்தார்கள். எழுந்ததும் டம்ளர்கள் கூடைகூடையாகப் பின்பக்கம் வந்தன. அலசு, சோப்பு, வெந்நீர், கட்டில். எட்டுப் பெண்களின் கைகளும் ஒரே தாளத்தில் போய்க்கொண்டிருந்தன. நான் இங்கிட்டும் அங்கிட்டும் ஓடிக்கொண்டிருந்தேன். எனக்குக் காலே தரையில் படவில்லை.

இரண்டாம் பந்தி பாதியில் கரண்டு போனது.

கொட்டகையில் காற்றாடி நின்றதைப் பற்றி எனக்குக் கவலையில்லை. ஆனால் கோயில் ஆழ்குழாய் மோட்டாரும் நின்றுவிட்டது. கழுவுகிற தண்ணீர் குழாயில் நூலாக மெலிந்து நின்றே போனது. அண்டாவில் இருந்த தண்ணீர் கலங்கிப்போய் இனி உதவாது. நானூறு எச்சில் டம்ளர் எங்களைச் சுற்றிக் கிடந்தது. மூன்றாம் பந்திக்கு ஆட்கள் வாசலில் குறுக்கே கட்டிய கயிற்றுக்கு அந்தப் பக்கம் நெருக்கிக்கொண்டு நின்றார்கள். குடிக்கிற தண்ணீரை எடுத்துக் கழுவினால் குடிக்க இருக்காது. திருப்பி அனுப்பிய பாட்டில்கள் ஒரு கணம் என் கண் முன்னால் வந்தன. பொய் சொல்ல மாட்டேன், அந்த வேன் இன்னும் பக்கத்தில் எங்காவது நிற்குமா என்றுகூட நினைத்தேன்.

"அடிபம்பு!" என்று கத்தினார் கழுவுகிற அக்கா.

கோயில் வளாகத்தின் மறுகோடியில் ஒரு பழைய அடிபம்பு இருந்தது. அறுபது, எழுபது தப்படி தூரம். அவர் ஓட, நான் ஓட, எனக்குப் பின்னால் வீட்டுக்காரர் குடத்தோடு ஓடி வந்தார். கைப்பிடியைப் பிடித்து அடித்தோம். கடக் கடக் என்று வெறும் சத்தம்தான் வந்தது. தண்ணீர் இல்லை. மேலே ஒரு செம்பு தண்ணீரை ஊற்றி மறுபடியும் அடித்தோம். இருபது தடவை அடித்த பிறகு ஒரு கனைப்பு, துருத் தண்ணீர், அதற்குப் பிறகு பளிங்கு மாதிரி தெளிந்த தண்ணீர் வந்தது. நான் வாய்விட்டுக் கத்திவிட்டேன்.

வீட்டுக்காரர் கொஞ்ச நேரத்தில் களைத்துப்போனார். "தள்ளுங்க," என்று பின்னால் ஒரு குரல் கேட்டது. தாய்மாமன். சட்டைக் கையை முழங்கைக்கு மேலே சுருட்டிவிட்டிருந்தார்.

"அண்ணே, நீங்க போயி..."

"ஏற்கெனவே நனைஞ்சாச்சும்மா. இனி நனைய என்ன இருக்கு?"

அந்த உடம்பு கைப்பிடியில் சாய்ந்ததும் தண்ணீர் குபுகுபுவென்று கொட்டியது. அவர் அடிப்பதைப் பார்த்து மாப்பிள்ளை வீட்டு ஆட்கள் சும்மா நிற்க முடியுமா? கோட்டுப் போட்டவர், நகை போட்டவர், சுருக்குப் பையோடு வந்தவர் என்று எல்லாரும் பம்பிலிருந்து கொட்டகைவரை வரிசையாக நின்றுவிட்டார்கள். குடம் கைமாறி கைமாறி ஓடியது. பெண்ணோடு வேலை பார்க்கிற நர்ஸ் பெண்கள் ஆறு பேர் பட்டுச்சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு கழுவ உட்கார்ந்தார்கள். ஆஸ்பத்திரி சுத்தம் அவர்கள் கையில் இருந்தது. ஒரு டம்ளரின் அடியில் சோப்பு நின்றால்கூட விடவில்லை. எல்லாருக்கும் மேலே தண்ணீர் தெறித்தது, எல்லாரும் கத்தினார்கள், எல்லாரும் சிரித்தார்கள். கல்யாண வீட்டில் அப்படி ஒரு கும்மாளத்தை நான் பார்த்ததே இல்லை. மூன்றாம் பந்தி பத்து நிமிசம் தாமதமாக உட்கார்ந்தது. ஒருவரும் முகம் சுளிக்கவில்லை. பந்தி எழுகிற நேரத்தில் கரண்டும் வந்துவிட்டது. யாரும் அதைக் கவனிக்கவில்லை.

எல்லாரும் சாப்பிட்டு முடித்த பிறகு ஒரு பந்தி போட்டோம். எட்டுப் பெண்களும் சமையல்காரர்களும் நாங்களும். பெண் மாலையைக் கழற்றி வைத்துவிட்டு, முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, இலை இலையாகச் சோறு பரிமாறினாள். அந்தப் பெரிய குரல் அக்கா அவள் கையைப் பிடித்து நிறுத்தினார். "நல்லா இருக்கணும் தாயி," என்றார். அவ்வளவு மெதுவாக அவர் பேசி நான் அன்றைக்குத்தான் கேட்டேன். பாயசம் ஆறிப்போயிருந்தது. நான் மூன்று டம்ளர் குடித்தேன்.

டம்ளர்களைச் சாக்கில் போடும்போது எண்ணினோம். கொண்டுபோனது அறுநூற்று நாற்பது, திரும்பி வந்தது அறுநூற்று நாற்பத்து மூன்று. யார் வீட்டு டம்ளர்களோ மூன்று கலந்து வந்துவிட்டன. ஊரெல்லாம் கேட்டுப் பார்த்தோம், எங்களுடையது என்று யாரும் சொல்லவில்லை.

மறுநாள் அண்டாக்களை எடுக்கப் போனேன். பழக்க தோசத்தில் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டுதான் கொட்டகைக்குப் பின்னால் போனேன். தாண்டுவதற்கு ஒன்றுமே இல்லை. பெண்ணின் அப்பா எச்சில் இலைகளைக் குழியில் போட்டு மண் மூடிக்கொண்டிருந்தார். பஸ்ஸில் வந்தவர்கள் கையோடு கொண்டுவந்த பாட்டில் மூன்று நான்கு ஒரு சாக்கில் கிடந்தது. தரை பெருக்கியது மாதிரி இருந்தது. நான் அங்கே சும்மா நின்றேன். எதற்கென்று தெரியாமல் அந்த மண்ணில் இங்கிட்டும் அங்கிட்டும் நடந்து பார்த்தேன்.

அந்தக் கல்யாணத்துக்கு ஊரில் டம்ளர் கல்யாணம் என்று பெயர் விழுந்துவிட்டது. யாரோ அடிபம்பில் மாமன் நின்ற காட்சியைப் போனில் எடுத்துச் சுற்றுக்கு விட்டிருக்கிறார்கள். ஒரு வாரத்துக்குள் நான்கு பேர் கடையைத் தேடி வந்து, "எங்களுக்கும் அந்த மாதிரி," என்றார்கள். வீட்டுக்காரரும் நானும் உட்கார்ந்து பேசினோம். பின்பக்க அடுக்குகளைக் காலி செய்தோம். இனிமேல் எங்கள் கடையில் செட்டு கிடையாது என்று முடிவெடுத்தோம்.

எல்லாரும் கைதட்டினார்கள் என்று எழுத ஆசைதான். ஆனால் அப்படி நடக்கவில்லை. ஆவணி முகூர்த்தத்தில் பழைய வாடிக்கைக்காரர்கள் சிலர், "பாட்டில் இல்லைன்னா அண்டாவும் வேணாம்," என்று வேறு கடைக்குப் போய்விட்டார்கள். அந்த மாதம் வண்டி பல நாள் நிழலில் நின்றது. எனக்குப் பயமாகத்தான் இருந்தது. தையில் நிலைமை மாறியது. கழுவத் தெரிந்த எட்டுப் பெண்களும் கூடவே வருவார்கள் என்று தெரிந்த பிறகு ஆட்களுக்குத் தயக்கம் குறைந்தது. இப்போது எங்களிடம் ஆயிரத்து இருநூறு டம்ளர் இருக்கிறது. இலுப்பூர்க் கடைத்தெருவில் என்னைப் பார்த்தால், "என்ன டம்ளரக்கா, இன்னைக்கு எந்த ஊரு?" என்று கேட்கிறார்கள்.

போன வாரம் கந்தர்வக்கோட்டைப் பக்கமிருந்து ஒருவர் போன் செய்தார். குரல் தயங்கித் தயங்கி வந்தது.

"முந்திரித் தோப்புக்குள்ள எங்க கொலசாமி கோயிலுங்க. புள்ளைக்குக் காதுகுத்து, கெடா வெட்டு. கரண்டு கெடையாது, கெணறு கெடையாது. ஆனா பாட்டிலும் கப்பும் ஆகாதுன்னு எஞ் சம்சாரம் ஒரே புடியா நிக்கிறா. உங்களால முடியுங்களா?"

யோசிப்பதற்கு முன்னாலேயே என் வாய், "முடியும்," என்று சொல்லிவிட்டது. போனைக் கையால் பொத்திக்கொண்டு வீட்டுக்காரரைப் பார்த்தேன். திட்டப் போகிறார் என்று நினைத்தேன். அவர் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தார்.

"தோப்புக்குள்ள தண்ணி வண்டி போக வழி இருக்கான்னு கேளு. இல்லாட்டி இப்பவே போயிப் பாத்துட்டு வந்துருவோம்," என்றார்.